வாளிக்குள் இருந்த சினை நண்டு

கிண்ணியா
30 செப்டெம்பர்

அன்புள்ள மச்சான் றுவைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடலில் இருக்கிற உங்களையும் கரையில் இருக்கிற எங்களையும் அல்லாஹ் ஒரே பார்வையில் வைத்துக் காப்பாற்றட்டும். இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசுக்கு நான் சுகமில்லை.

உங்கள் கப்பலுக்குப் படமும் போகாது, குரலும் போகாது, எழுத்து மட்டும்தான் போகும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆகவே நீளமாகத்தான் எழுதப்போகிறேன். அந்த எஞ்சின் அறைச் சூட்டில் ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு முழுக்க வாசியுங்கள். பாதியில் விட்டால் உங்கள் பதிலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.

முதலில் எங்கள் பிள்ளையின் சேதி. ஐந்தாம் மாதம் நடக்கிறது. புதன்கிழமை கிளினிக்கில் குடும்பநல மாது இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார். முந்திய இரண்டும் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லையே, அதனால் அந்தச் சத்தம் கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன். பிரஷர் கொஞ்சம் கூட என்றார். மாமி இன்னும் ஒரு சட்டைத் துணி வாங்க விடுகிறாரில்லை. பெயர் யோசிக்கவும் கூடாதாம். மாமாவோ காலையில் களப்புக்குப் போக முன் குசினி வாசலில் நின்று, “புள்ள அசையுதா?” என்று ஒருதரம் கேட்பார். ஓம் என்றால்தான் படலையைத் திறப்பார்.

இனி நண்டுக் கதை. துறைமுகத்தில், ஆட்களையும் வாகனங்களையும் கரை கடத்துகிற பழைய பாதை ஒன்றின் அடிப்பக்கத்தைச் சுரண்டினபோது இங்கே ஒருவரும் காணாத நண்டு சில அகப்பட்டன என்று போன மாதம் எழுதினேன். நீங்கள்தானே ஒருநாள் சொன்னீர்கள், கப்பல்கள் ஒரு துறைமுகத்துத் தண்ணீரை வயிற்றில் நிரப்பி இன்னொரு துறைமுகத்தில் கக்கிவிட்டுப் போகும் என்று. அப்படி வந்த சாமானாக இருக்கும் என்பது எங்கள் ஆய்வுகூடத்தை நடத்துகிற குணேஸ்வரி மிஸ்ஸின் முடிவு. அங்கே ஐந்து நண்டுகள் வந்தன. ஒன்று சினை. இந்த நண்டு எங்களுடைய நண்டுகளின் குஞ்சைத் தின்னும், வலையைக் கத்தரிக்கும், ஒரு இடத்தில் குடியேறிவிட்டால் கிளப்பேலாது. துறைமுகத்து ஆழத்தோடு நிற்குமா, கடலும் ஆறும் கலக்கிற களப்புகளுக்குள்ளும் வந்து வாழுமா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க முட்டையைப் பொரிக்கவைத்து, வெளியே வருகிற குடம்பிக் குஞ்சுகளை வெவ்வேறு அளவு உப்புத் தண்ணீரில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை மிஸ் என்னிடம் தந்தார். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கிச் சனி மாலை வரை கரண்ட் இல்லை என்று அறிவித்தார்கள். ஆய்வுகூடத்து ஜெனரேற்றர் மூன்று மாதமாகப் பழுது. முட்டைகள் செம்மஞ்சள் நிறம் மாறி, கபிலமாகி, சாம்பல் கறுப்புக்கு வந்திருந்தன. அது இரண்டு நாளில் பொரிக்கும் என்ற அறிகுறி. காற்று இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். உயிருள்ள ஒன்றையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. மிஸ் கொழும்பில் கூட்டத்தில் இருந்தார். ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. நண்டை வாளியில் போட்டு, பற்றரியில் ஓடுகிற காற்றுக் குழாயைப் பொருத்தி, துவாயால் மூடி, ஓட்டோவில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு காப்பாக, ஒரு கிள்ளு முட்டையைத் தனியாகப் போத்தலிலும் எடுத்துக்கொண்டேன்.

வாளியைக் குளியலறை மூலையில் வைத்து, மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். ஒருவரும் தொட வேண்டாம் என்று மாமிக்குச் சொன்னேன். சனிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டுப் பார்த்தேன், இருந்தது. ரொட்டி சுட்டு முடித்துவிட்டு வந்து பார்த்தால் வாளி வெறுமை. மூடி மூடியபடி, குழவி வைத்தபடி. காற்றுக் குழாய் மட்டும் வெறுந்தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து களப்பு எத்தனை அடி என்று உங்களுக்குத் தெரியும். கழிவுத் தண்ணீர்க் கான் முழுக்கத் தடவினேன், கோழிக்கூட்டுக்கு அடியில் பார்த்தேன், இந்த வயிற்றோடு கட்டிலுக்குக் கீழேயும் படுத்துப் பார்த்தேன். மாமி தான் தொடவேயில்லை என்று சத்தியம் பண்ணினார். மாமா பத்து மணிக்குத் தோணியால் வந்ததும் கேட்டேன். “நண்டு ஓடுற சீவன்தானே புள்ள” என்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். குழவியை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு ஓடுகிற நண்டை நான் எங்கேயும் படித்ததில்லை.

நேற்று மிஸ் வந்து தாய் நண்டு எங்கே என்று கேட்டார். செத்துப்போச்சு மிஸ், குளோரின் போட்டு அழிச்சிட்டன் என்றேன். வாய் தானாகச் சொல்லியது. பதிவேட்டிலும் “இறந்தது, அழிக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். போத்தலில் இருந்த முட்டைகள் ஞாயிற்றுக்கிழமையே பொரித்துவிட்டன. அப்படியென்றால் அந்த நண்டு களப்புக்குள் இருந்தால் அதன் முட்டையும் பொரித்திருக்கும். ஒரு கிள்ளில் இருநூறு என்றால் முழு மடியில் எத்தனை இலட்சம்!

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். அதோடு களப்பை மூடுவார்கள். மாமாவின் நண்டுக் கூடுகளைக் கரையேற்றச் சொல்வார்கள், அவருடையதை மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் மெலிந்த நண்டை வாங்கிப் போட்டுக் கொழுக்க வைக்கிற நாற்பது குடும்பத்தின் கூடுகளையும்தான். சொல்லாவிட்டால் இந்த வருடம் தப்புவோம், பிறகு களப்பே போய்விடும். நான் என்ன செய்ய? ஒரு சொல் எழுதுங்கள்.

உங்கள் நலம் கேட்டு ஐந்து வேளையும் கையேந்துகிற,
அஸ்மியா


கிண்ணியா
11 ஒக்டோபர்

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பதில் கிடைத்தது. நான் நாலு பக்கம் எழுத, நீங்கள் ஒரு வரி. “வாயை மூடிக்கொண்டிரு, மழை வந்தால் எல்லாம் சாகும், பிள்ளையைப் பார்.” ஆஹா, என்ன அருமையான ஆலோசனை! இதற்கா உங்களைக் கட்டினேன்? அன்றைக்கு முழுக்கக் கறிக்கு உப்புப் போடவும் மறந்து, அந்த ஒரு வரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல. எனக்கும் பயம்.

குடம்பிகளின் நிலைமையைக் கேளுங்கள். இருநூறையும் நாற்பது நாற்பதாகப் பிரித்து ஐந்து போத்தலில் விட்டேன். லீற்றருக்குப் பத்துக் கிராம் உப்பு, பதினைந்து, இருபது, இருபத்தைந்து, முப்பது. இந்தப் பருவத்துக்குச் சோயியா என்று பெயர். நண்டு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கண்ணுக்கு ஒரு தூசி, அவ்வளவுதான். நுணுக்குக்காட்டியில் வைத்தால் தலை முழுக்கக் கண், முதுகில் ஒரு முள், மூக்கில் ஒரு முள். விளக்கை எந்தப் பக்கம் பிடித்தாலும் அந்தப் பக்கம் பாயும். நாலு தரம் தோல் கழற்றும். அதன் பிறகு மெகலோப்பா என்கிற பருவம், அப்போதுதான் கொடுக்கு முளைக்கும். கொடுக்கு முளைத்தது அலைவதை விட்டுவிட்டு, கயிறு, கல், கண்டல் வேர் என்று பிடிப்பதற்கு இடம் தேடும். அதற்குப் பிறகு அது நண்டுதான்.

பத்துக் கிராம் போத்தலில் இருந்தவை இரண்டாம் நாளே முடிந்தன. பதினைந்தில் பதினொன்று மிச்சம். அவையும் அடியில் சோர்ந்து கிடக்கின்றன. இருபதில் இருந்து மேலே எல்லாம் சந்தோஷமாக ஓடித் திரிகின்றன. இப்போது மூன்றாம் தோல். தினமும் காலையில் தண்ணீர் மாற்றி, செத்ததை உறிஞ்சி எடுத்து, தீன் போட்டு, எண்ணி எழுதுகிறேன். போத்தலில் செத்தால் சந்தோஷப்படுகிறேன், பிறகு அந்தச் சந்தோஷத்துக்கு வெட்கப்படுகிறேன். மிஸ் பின்னால் வந்து நின்று, “அஸ்மியா, நல்லாச் செய்யிறீர்” என்றார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போல் இருந்தது.

களப்புத் தண்ணீரையும் சின்னப் போத்தலில் எடுத்துப்போய்ப் பார்க்கிறேன். உப்பு முப்பத்திமூன்று. கடல் தண்ணீர் மாதிரியே இருக்கிறது. மழை வந்தால்தான் இறங்கும். வயல்காரர்கள் மழைக்குத் துஆக் கேட்கிறார்கள், பள்ளியிலும் கேட்டார்கள். எல்லாரையும் விட உரக்க ஆமீன் சொன்னவள் வீட்டுக்குள் இருந்த நான்தான். ஆனால் வானம் வெளுத்துப்போய்க் கிடக்கிறது.

மாமாவின் போக்குச் சரியில்லை. முன்பு போல் ஒருதரம் அல்ல, ஒரு நாளில் நாலைந்து தரம் “புள்ள அசையுதா?” என்று கேட்கிறார். முகத்தைப் பார்க்காமல் கேட்கிறார். இளநி வெட்டித் தருகிறார், மாதுளம்பழம் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவருகிறார். நான் ஆய்வுகூடத்துக்குப் புறப்பட்டால், அந்த முட்டையெல்லாம் என்ன ஆச்சு என்று விசாரிக்கிறார். வளருது மாமா என்றால் அவருடைய முகம் மலர்ந்துவிடுகிறது. வாளியைத் திறந்தது நீங்களா என்று கேட்டுவிட வேண்டும், ஆனால் கேட்கப் பயமாக இருக்கிறது.

பிரஷர் நூற்று நாற்பது. யோசிக்கக் கூடாது என்று குடும்பநல மாது ஏசினார். யோசிக்காமல் இருக்க எந்தக் கடையில் மருந்து விற்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன்.

மழைக்குத் துஆச் செய்யுங்கள். அதையாவது ஒரு வரியில் செய்யாமல் நீளமாகச் செய்யுங்கள்.

அஸ்மியா


கிண்ணியா
19 ஒக்டோபர், ஞாயிறு பகல்

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை ஆறுதலாக உட்கார்ந்து வாசியுங்கள்.

மழை வந்தது. செவ்வாயில் இருந்து வெள்ளி வரை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். மாமி ஏச ஏச நான் மழையில் நனைந்துகொண்டு நின்று சிரித்தேன். களப்பு கலங்கிச் சிவந்து ஓடியது. நேற்றுக் காலை மழை விட்டதும் முதல் வேலையாகத் தண்ணீர் மொண்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். பதினேழு! தப்பினோம் என்று நினைத்தேன். போத்தல்களைப் பார்க்காமலே உங்களுக்கு எழுத ஒரு சந்தோஷக் கடிதத்தை மனசுக்குள் தொடங்கியும்விட்டேன்.

பிறகு பதினைந்துப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஆறு பேர் மிச்சம். சோர்ந்து கிடந்தவை சோர்வை விட்டுவிட்டன. நாலு பேருக்குக் கொடுக்கு. நான் குழாயை உள்ளே விட்டதும் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. உதறினேன், விடவில்லை.

பிறந்ததில் இருந்தே பதினைந்தில் வளர்ந்தது இந்தக் கூட்டம். களப்பில் உள்ளவை முப்பத்திமூன்றில் சுகமாக மூன்று தோல் கழற்றிவிட்டு, கடைசி நாலைந்து நாள் மட்டும்தான் இந்த மழையைக் கண்டிருக்கும். மழை அவற்றை ஒன்றும் செய்திராது மச்சான். நீங்கள் நம்பினீர்கள், நானும் நம்பினேன். இரண்டு பேரும் முட்டாள்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். கதிரையில் உட்காரக்கூட ஏலவில்லை. குசினி நிலத்தில் இருந்து, மாமி பயந்துபோக, எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லி அழுதேன். நண்டு எங்கிருந்து வந்தது, எதற்காக வளர்த்தோம், குஞ்சு களப்பில் பரவினால் மாமாவின் கூட்டுக்குள் இருக்கிற நண்டுக்கு என்ன நடக்கும், நான் என்ன பொய் எழுதினேன், எல்லாம். மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் உள்ளே வந்து எனக்கு முன்னால் நிலத்திலேயே இருந்தார். அந்த மனுசன் எனக்கு முன்னால் நிலத்தில் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்றைக்குத் தொழுகைக்கு வுழூச் செய்யக் குளியலறைக்குப் போனவர், சத்தம் கேட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தாராம். “முட்டையோட கிடந்தது புள்ள. நாப்பது வருசம் இந்தக் களப்பில தொழில் செய்யிறன், ஒரு சினை நண்டைக் கரைக்குக் கொண்டந்தது இல்ல. வலையில வந்தா அந்த இடத்திலயே விட்டிடுவன். வயித்துப்புள்ளக்காரிய ஆரும் புடிச்சு வைப்பாங்களா?” என்றார். உங்களுக்குத் தெரியும், இது அவர் ஒருவரின் பழக்கமல்ல, இங்குள்ள எல்லாத் தொழிலாளியும் செய்வதுதான். நானே அதைப் பெருமையாக மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறேன். அதை யோசிக்காமல் சினை நண்டைக் கொண்டுவந்து அவருடைய வீட்டுக்குள் வைத்தது என் மடத்தனம். ஒருவரும் தொட வேண்டாம் என்றேனே, ஏன் என்று ஒரு சொல் சொன்னேனா? படித்த வாய்க்கு அவ்வளவு கர்வம்.

பிறகு சொன்னதுதான், மச்சான், எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. “ரெண்டு புள்ளையப் பறிகுடுத்தவள் நீ. இன்னொரு வயித்துப்புள்ளக்காரிய எங்கட வீட்டுக்குள்ள வாளியில பூட்டி வச்சா றப்பு என்ன நினைப்பான் எண்டு பயந்திட்டன்” என்றார். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் துவாயில் சுற்றி எடுத்துப்போயிருக்கிறார். கண்டல் நிழலில், அலை அடிக்காத, தன் கூடுகளுக்குப் பக்கத்திலேயே நல்ல இடமாகப் பார்த்து இறக்கியிருக்கிறார். பிஸ்மி சொல்லி, “இதுட பாரத்த நீ லேசாக்கின மாதிரி என்ட மருமகள்ட பாரத்தையும் லேசாக்கு” என்று நிய்யத்து வைத்து விட்டாராம். எங்கள் பிள்ளைக்காக, மச்சான். இத்தனையும் எங்கள் பிள்ளைக்காக.

நான் அழுகையை நிற்பாட்டிவிட்டு அவருக்கு விளங்கப்படுத்தினேன். இப்போது கொடுக்கு முளைத்தவை கூட்டுக் கயிறுகளில் பிடித்திருக்கும், இன்னும் ஒரு கிழமையில் பருப்பளவு நண்டாகிவிடும், கூடும் கயிறும் நண்டுப் பெட்டியும் இங்கிருந்து வேறு களப்புகளுக்குப் போகும்போது அவையும் போகும். இப்போதே சொன்னால் எல்லாவற்றையும் கரையேற்றி வெயிலில் காயப்போட்டு அழிக்கலாம், முழுக்க இல்லாவிட்டாலும் பெரும்பங்கை அழிக்கலாம் என்றேன். மாமா தலையை ஆட்டினார். என் பேரைச் சொல்லு, நீ ஏன் பழியை எடுக்கிறாய் என்றார். எழும்பிப் போனவர் திரும்பி வந்து ஒன்று கேட்டார். “அதுட குஞ்செல்லாத்தையும் நாங்களே கொண்டா, நான் கேட்ட துஆ என்னாகும் புள்ள?”

அல்லாஹ் நண்டை எண்ணிப் பார்த்துப் பிள்ளை கொடுக்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் விஞ்ஞானம் படித்தவள், ஓதினவள். ஆனாலும் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை அவர் பார்த்துவிட்டார். எனக்கும் அதே பயம்தான் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

இன்று காலையில் களப்புக்குப் போக முன் அவர் குசினி வாசலில் நிற்கவில்லை. அசைகிறதா என்று கேட்கவில்லை. நேரே போய்விட்டார். இந்த யன்னலால் பார்த்தால் தெரிகிறது, இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு கூடாக அவிழ்த்துத் தனியாளாகக் கரைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கூட்டுக்காரர்கள் ஏன் என்று கேட்கிறார்கள் போல, அவர் அடுத்த கூட்டை அவிழ்க்கிறார். நாளைக்கு அவர்களுடைய முகத்தையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

நாளை எட்டு மணிக்கு மிஸ்ஸின் அறைக்குப் போகிறேன். “இறந்தது” என்று எழுதிய வரியைக் கோடிட்டு, நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன், களப்பில் போய்விட்டது, விட்ட இடமும் நாளும் இவை என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். மாமாவின் பெயரை நானாகச் சொல்லமாட்டேன், ஆனால் அவரே வருகிறேன் என்று சட்டை எடுத்து வைத்திருக்கிறார். வேலை போனால் போகட்டும். கோபித்துக்கொள்ளுங்கள், கப்பல் கரை சேர்ந்த பிறகு வந்து ஏசுங்கள். இதற்கு நான் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை.

கேட்பது வேறு. நீங்கள் அவருடைய ஒரே மகன். என்னுடைய படிப்பை அவர் மதிப்பார், உங்களுடைய சொல்லைத்தான் நம்புவார். வாப்பா, நீங்கள் இரக்கப்பட்டு விட்டீர்கள், அந்த இரக்கம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி நீங்கள் எதைச் செய்தாலும் அந்தத் துஆ முறியாது என்று எழுதுங்கள். இந்த முறை ஒரு வரி போதாது மச்சான். கெஞ்சிக் கேட்கிறேன், நீளமாக எழுதுங்கள்.

அவருக்குக் கண் மங்கல், போனில் எழுத்துத் தெரியாது. நான்தான் பக்கத்தில் இருந்து உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது எனக்கும் அது கேட்கும்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கரை சேர்க்கட்டும், எங்களையும்.

அஸ்மியா